மேல்மாடி வீடு, புழுக்கம் தாங்கல, ரீடிங் 500 தாண்டுது: கூலரா, ஏசியா?

தண்டையார்பேட்டை மேல்மாடி:
எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். எங்களுக்கு மேல மொட்டைமாடிதான். பகல்ல எப்படியோ ஓடிடுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல சுவத்துல கை வெச்சா சுடுது, ஃபேன் போட்டா மேலேருந்து அனலாத்தான் இறங்குது. விடியக்காலம் மூணு, நாலு மணி வரைக்கும் யாருக்கும் தூக்கம் இல்ல. அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. பையன் ஏழாவது படிக்கிறான்.

மீட்டர் எங்களுக்குத் தனி. ஏசி இல்லாமலே போன ரெண்டு மாச ரீடிங் 530 யூனிட். மூணு பழைய ஃபேன், ஒரு பழைய ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், இவ்வளவுதான். கடையில கேட்டா "கூலர் போதும்மா, விலையும் கம்மி, கரண்டும் கம்மி"ன்னு சொல்றாங்க. சொந்தக்காரங்க எல்லாம் ஏசிதான் போடச் சொல்றாங்க. ரெண்டும் வாங்குற அளவுக்குக் கையில பணம் இல்ல. எது வாங்கலாம், யாராவது சொல்லுங்க.

திருவொற்றியூர் கடல்காற்று:
கூலர் வேண்டாம். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். நாக்பூரிலும் டெல்லியிலும் மே மாதத்தில் கூலர் அருமையாக இருப்பதற்கு அதுதான் காரணம். நம் பக்கம் கடற்காற்று உள்ளே நுழைந்த பிறகு ஈரப்பதம் மளமளவென்று ஏறிவிடும். ராத்திரியில் இன்னும் கூடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலரைப் போட்டால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான். உங்களுக்குப் பிரச்சினையே ராத்திரிப் புழுக்கம் என்கிறீர்கள். அதற்குக் கூலர் பதில் இல்லை.

மாதவரம் பால்பண்ணை:
எங்க வீட்ல கூலர் ஓடுது, நல்லாத்தானே இருக்கு?

திருவொற்றியூர் கடல்காற்று:
மத்தியானம் நன்றாக இருக்கும், சகோ. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்துக் கடற்காற்றை நிறுத்தி வைக்கும் கத்திரி நாள்கள் உண்டு. 42, 43 டிகிரி தொடுவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த நேரத்தில் கூலர் வேலை செய்யும். நீங்கள் கடலைவிட்டுச் சற்று உள்ளே இருக்கிறீர்கள், உங்களுக்குக் காற்று தாமதமாக வரும். கூலருக்குப் பின்னால் ஜன்னலும் எதிர்ப் பக்கம் ஒரு வழியும் திறந்திருந்தால் இன்னும் நன்று. தண்டையார்பேட்டையில் மூடிய படுக்கையறையில், ராத்திரி பத்து மணிக்கு, அது நடக்காது.

வியாசர்பாடி வயர்மேன்:
அக்கா, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அந்த 530 எங்க போகுதுன்னு பாருங்க. பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட் இழுக்கும். வெயில் காலத்துல ஒரு ஃபேன் நாளைக்கு 18 மணி நேரம் ஓடும்னு வெச்சுக்குவோம். ரெண்டு மாசத்துக்கு 81 யூனிட். மூணு ஃபேனுக்கு 243. உங்க ரீடிங்ல கிட்டத்தட்டப் பாதி ஃபேன்லயே போகுது. யாரும் இத நம்ப மாட்டாங்க, ஏன்னா ஃபேன்னா கரண்டே இல்லன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு.

பி.எல்.டி.சி. ஃபேன்னு (பிரஷ் இல்லாத மோட்டார் வெச்ச, கரண்டு கம்மியா இழுக்குற ஃபேன்) இருக்கு, அது 30 வாட்டுக்குள்ள அதே காத்தைக் கொடுக்கும். அதே 18 மணி நேரத்துக்கு 32 யூனிட்தான். மூணும் மாத்துனா ரெண்டு மாசத்துக்கு 145 யூனிட் போல மிச்சம். ஒண்ணு மூவாயிரம் சொச்சம் ஆகும். ஒரே நேரத்துல முடியலன்னா ராத்திரி முழுக்க ஓடுற ரூம்ல முதல்ல மாத்துங்க, ஹால் ஃபேன் அடுத்த மாசம். பெட்டில ஸ்டார் லேபிள் இருக்கான்னு பாருங்க. 2023 ஜனவரியிலேருந்து சீலிங் ஃபேனுக்கும் அது கட்டாயம். லேபிள் இல்லாம பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு யாராவது சொன்னா தொடாதீங்க.

செவுத்துல பெரிய பெட்டி மாதிரி பழைய ரெகுலேட்டர் இருந்தா அதையும் கழட்டிடுங்க. ஸ்லோல வெச்சாலும் அது மிச்ச கரண்டைச் சூடாக்கி வீணாக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ரெகுலேட்டரே வேணாம், ரிமோட்லயே ஸ்பீடு. பழைய ரெகுலேட்டரோட சேர்த்து மாட்டுனா போர்டு போயிடும். மாட்டுற ஆளுகிட்ட இத மறக்காம சொல்லுங்க.

ஃபிரிட்ஜ் எவ்வளவு சாப்பிடுதுன்னு தெரியணும்னா, கல்யாணம் காட்சின்னு வீட்டோட வெளிய போறப்ப மத்ததெல்லாம் அணைச்சிட்டு மீட்டரைக் குறிச்சு வெச்சுட்டுப் போங்க. திரும்பி வந்து பார்த்தா தெரிஞ்சிடும். கதவு ரப்பர்ல ஒரு பத்து ரூபா நோட்டை வெச்சு மூடுங்க. இழுத்தா சும்மா வந்துடுச்சுன்னா ரப்பர் போச்சு. ரப்பர் மாத்த பெரிய செலவு இல்ல. செவுத்த ஒட்டி வெச்சிருந்தா ஒரு சாண் தள்ளி வைங்க.

மின்ட் கணக்குப்பிள்ளை:
வயர்மேன் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 500 என்ற எல்லையைத் தாண்டுவது வெறும் அந்தக் கூடுதல் யூனிட்டுக்கான காசு மட்டும் இல்லை. 2022 செப்டம்பரில் வந்த பட்டியலை எடுத்துக்கொள்கிறேன் (பிறகு 2024 ஜூலையில் விகிதங்கள் கொஞ்சம் ஏறின, அப்போது அமைப்பு மாறவில்லை). 500-க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய். சரியாக 500 வந்தால் 1,725 ரூபாய். 501 ஆனால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50 போடுவார்கள், 501-வது யூனிட் 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்.

உங்கள் 530-க்கு அந்தப் பட்டியலில் 2,190 வரும். ஃபேன்களை மாற்றி 385-க்கு இறக்கினால் 1,057 ரூபாய் சொச்சம். ஒரு பில்லில் ஆயிரத்துக்கு மேல் குறைகிறது. ஃபேனுக்குப் போட்ட பணம் எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்பு நீங்களே மீட்டரைப் பாருங்கள். 470-ல் நிற்கிறது என்றால் அந்தப் பத்து நாள் துணி இஸ்திரியை வெளியே கொடுப்பது லாபம்.

கொருக்குப்பேட்டை ஷீட் வீடு:
தனி மீட்டர் இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு. எங்க காம்பவுண்டுல ஆறு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு ஒரே ரேட்டா வாங்குறாங்க, நாங்க 60 யூனிட் எரிச்சாலும் அதேதான். இலவச நூறு எங்க கண்ணுல படறதே இல்ல. மிச்சப்படுத்தி என்ன பிரயோசனம்னு தோணுது.

மின்ட் கணக்குப்பிள்ளை:
உங்களுக்குத்தான் பிரயோசனம் அதிகம். சலுகை விலையில் ஒரு யூனிட்கூட இல்லாததால், நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை. ஆனால் இதில் நியாயம் இல்லை என்பதை நானும் சொல்கிறேன். ஆறு குடும்பம் ஒரே மீட்டரில் எரித்தால் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிக் கடைசி விகிதத்துக்குப் போய்விடும், அதைக் குடித்தனக்காரர்கள் தலையில் பிரித்துப் போடுகிறார்கள். 100 யூனிட் இலவசம் 2016-ல் வந்தது எல்லா வீட்டுக்கும்தான். தனி வாசல், தனிச் சமையலறை இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரர் ஒப்புதல் வேண்டும். ஆறு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகக் கேட்டால் "காலி பண்ணு" என்பதுதான் பதிலாக வரும்.

ராயபுரம் பழைய வீடு:
எல்லோரும் மின்சாதனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மா எழுதியதில் முக்கியமான வரி, ராத்திரி எட்டு மணிக்குச் சுவர் சுடுகிறது என்பது. அவர்களுடைய அடுப்பு தலைக்கு மேலே இருக்கிறது.

கட்டட வேலையிலேயே வாழ்க்கை போனவன் நான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ் போட்டிருப்பார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டியாக இடித்து, மேலே தட்டோடு. கனமான கூரை, உயரமான அறை, சுவரின் உச்சியில் வெப்பம் வெளியேற ஒரு சின்னத் திறப்பு. இன்றைக்கு நாம் இருப்பது நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் பலகைக்குக் கீழே. ஒன்பதரை அடி உயரம். பில்டர் செலவு பார்த்து மேலே சுர்க்கியும் (செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் காரை) தட்டோடும் போடாமல் வெறும் சிமெண்ட் பூச்சோடு விட்டிருப்பார். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும் அந்தப் பலகை, சூடு கீழ்ப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெளியே கடற்காற்று வீசும் நேரத்தில் உங்கள் அறை கொதிக்கிறது. அந்தச் சூட்டோடு நீங்கள் ஏசி போட்டால், ஏசி பாதி ராத்திரி வரை உங்களைக் குளிர வைக்காது, கான்கிரீட்டைத்தான் குளிர வைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் செலவு மொட்டைமாடியில். வெள்ளை அடியுங்கள். நீற்றின சுண்ணாம்பை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, பசை கலந்து, தரையைப் பெருக்கிக் கழுவி ஈரம் காய்வதற்குள் முதல் பூச்சு. மாலை வெயில் இறங்கிய பிறகு அடிக்க வேண்டும், உச்சி வெயிலில் அடித்தால் உரிந்துவிடும். இரண்டு, மூன்று பூச்சு. மழைக்காலத்தில் கரைந்துபோகும், வருஷா வருஷம் மாசி மாதத்தில் மறுபடி அடிக்கத்தான் வேண்டும். கொஞ்சம் பணம் இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் கிடைக்கிறது, சில வருஷம் தாங்கும். சொந்த வீடாக இருந்தால் உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிக்கச் சொல்லுவேன். தெலங்கானா 2023-ல் கூரையைக் குளிர்விப்பதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நமக்கும் அது வர வேண்டும். அதுவரை சுண்ணாம்பு வாளியை நாம்தான் தூக்க வேண்டும்.

உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள். வெயிலைக் கூரையின் மேலேயே தடுப்பது ஒன்று, கான்கிரீட் குடித்த பிறகு கீழே நின்று தடுப்பது வேறு. முன்னது எப்போதும் மேல். தெர்மாகோல் தீயும் பிடிக்கும்.

எர்ணாவூர் அக்கா:
ஐயா சொன்னது சரி. ஆனா எங்க பக்கத்துக்கு ஒண்ணு சொல்லணும். மின்சாரம் சேமிக்கிறது பத்தி யார் பேசினாலும் முதல்ல "சாயங்காலம் ஜன்னலைத் திறங்க"ன்னு சொல்லுவாங்க. எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி பக்கம் வந்து திறந்து பாருங்க. ஜன்னல் விளிம்புல கருப்புத் தூசி கையில ஒட்டும். காத்து திரும்புனா ரிஃபைனரி நாத்தம். கொடுங்கையூர் பக்கம் குப்பைமேடு எரியுற அன்னைக்கு அவங்களும் சாத்திக்கத்தான் வேணும். இயற்கைக் காத்து இலவசம்னு சொல்றது இங்க இருக்கறவங்களுக்குப் பொருந்தாது. நாங்க ஃபேன், ஏசின்னு செலவு பண்றதுல பாதி, அந்தக் காத்தை உள்ள விட முடியாததால வந்த செலவு.

அதனால நான் வேற மாதிரி பண்றேன். கொசு வலைக்குப் பக்கத்துலயே பழைய பருத்திப் புடவையை ரெண்டா மடிச்சு ஜன்னலுக்குக் கட்டிடுவேன், தூசி அதுல நிக்கும், வாரா வாரம் துவைச்சுடுவேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டு, கடல் பக்கத்துலேருந்து வந்தா மட்டும் திறப்பேன். சமையலறையில எக்ஸாஸ்ட் ஃபேன் சின்னதா ஒண்ணு போட்டு, மத்த ரூம் கதவைத் திறந்து வெச்சா உள்ள தங்குன சூடு அது வழியா வெளிய போகுது. சமையல், இஸ்திரி எல்லாம் காலையிலயே முடிச்சுடுவேன்.

இன்னொண்ணு மனசுல இருக்கு, சொல்லிடறேன். எண்ணூர் பழைய பவர் ஸ்டேஷன் 1970-லேருந்து ஓடி 2017-ல நின்னுச்சு. அத்திப்பட்டுல வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர்ல ஒண்ணு, இன்னும் ஓடுது. சாம்பல் கொசஸ்தலை ஆத்துல படிஞ்சு மீன்பாடு போன கதை ஊருக்கே தெரியும். சோலார் பகல்ல எவ்வளவு வந்தாலும், ராத்திரி எல்லாரும் ஏசி போடும்போது அதுக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் எரியணும். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டோட தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சு. ராத்திரி ஒரு யூனிட் குறைச்சா அது எங்க ஜன்னல்ல தெரியும்னு சொல்ல வரல. ஆனா ஊரே குறைச்சா தெரியும். நகரத்துல மத்த பக்கம் இருக்கறவங்களும் இதைப் படிக்கணும்னு ஆசை.

தண்டையார்பேட்டை மேல்மாடி:
அக்கா, புடவை யோசனை இன்னைக்கே பண்றேன். ராயபுரம் ஐயா, வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "நீங்க அடிச்சுக்குங்க, நான் காசு தர மாட்டேன்"னுட்டார். சுண்ணாம்புன்னா எங்களுக்கே முடியும். ஆனா அம்மாவை நினைச்சா பயமா இருக்கு. ஃபேனும் சுண்ணாம்பும் மட்டும் போதுமா?

ஓட்டேரி செவிலியர்:
போதாது என்றுதான் சொல்லுவேன். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறையும், வியர்ப்பதும் குறையும். ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, வியர்வையை உலர்த்தித்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. வியர்வையே குறைவாக இருப்பவருக்கு, அறைச் சூடு உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் ஃபேனால் பெரிய பலன் இல்லை. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறார்களா என்று பாருங்கள், எடுத்தால் வெயில் நாள்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே ஈரத்துணி போட்டு, ஃபேனுக்குக் கீழே கிடத்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு அறைக்காவது ஏசி போடுங்கள், அம்மாவும் பேரனும் அங்கே படுக்கட்டும். பில்லை வேறு இடத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் ஏசி வேலை:
நர்ஸம்மா சொன்னதுதான் சரி. ஆனா வரிசை மாறக் கூடாது. முதல்ல சுண்ணாம்பு, அப்புறம் ஏசி. வெறுங்கூரைக்குக் கீழ 120 சதுர அடி ரூமுக்கே ஒன்றரை டன் கேக்கும். கூரையை வெள்ளை அடிச்சிட்டா ஒரு டன் போதும். அதுலயே வாங்குற விலையும் குறையுது, மாசச் செலவும் குறையுது.

இன்வெர்ட்டர் ஏசியா (ரூம் குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகத்தைத் தானே குறைச்சுக்கும்) வாங்குங்க. 3 ஸ்டாரா 5 ஸ்டாரான்னு கேட்டா, வருஷத்துல ரெண்டு மாசம்தான் போடுவேன்றவருக்கு 3 போதும். நீங்க பங்குனியிலேருந்து ஆடி வரைக்கும் தினம் ராத்திரி போடுவீங்க, 5 எடுங்க. லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கும், அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ரெண்டு ஏசியை ஒப்பிட அந்த நம்பரைப் பாருங்க, ஸ்டாரை மட்டும் பார்க்காதீங்க. நல்லா அடைச்ச ரூம்ல ஒரு டன் 5 ஸ்டார் ராத்திரிக்கு மூணு நாலு யூனிட்ல முடிச்சுடும். ரெண்டு மாசத்துக்கு 200 பக்கம். ஃபேன்ல மிச்சம் புடிச்ச 145 இருக்கே, அதோட இத வெச்சுப் பாருங்க. கோடையில 500-ஐக் கொஞ்சம் தாண்டும், மத்த மாசத்துல தாண்டாது.

2020 ஜனவரிக்கு அப்புறம் வந்த ரூம் ஏசி எல்லாம் போட்ட உடனே 24-ல நிக்கும். அங்கேருந்து 26, 27-க்கு ஏத்திட்டு பி.எல்.டி.சி. ஃபேனை மெதுவா ஓட விடுங்க. ஒரு டிகிரி ஏத்துனா சுமார் 6 சதவீதம் குறையும்னு அரசு எரிசக்தித் திறன் துறையே சொல்லுது. 18-ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கறாங்க, அது கிடையாது, நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர்ல குளிரவிட ஈரம் போறதுதான் சுகம். மழைக்கு முன்னாடி புழுக்கமா இருக்குற நாள்ல டிரை மோடு போட்டுப் பாருங்க.

கடல் பக்கம் இருக்கறதால ஒண்ணு. உப்புக் காத்துல அவுட்டோர் யூனிட் காயில் அரிச்சு கேஸ் லீக் ஆகும், காசிமேடு பக்கம் நான் வாராவாரம் பார்க்குறது அதுதான். காப்பர் காயில், அதுவும் துரு தாங்குற பூச்சு போட்டதா கேட்டு வாங்குங்க. அவுட்டோரை மேற்கு வெயில் படாத பக்கம் மாட்டச் சொல்லுங்க, ஆனா மூடி அடைக்கக் கூடாது, சூடு வெளிய போகணும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் நீங்களே கழுவலாம். எண்ணூர், மணலிக்காரங்க வாரம் ஒருதரம். கதவுக்குக் கீழ இருக்குற இடுக்குல ஒரு துணிச் சுருள் வைங்க.

வியாசர்பாடி வயர்மேன்:
அதோட, பழைய வீடுன்னா ஏசிக்கு மெயின் போர்டுலேருந்து தனி வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறுனா தானா விழுற சுவிட்ச்) கண்டிப்பா. எர்த் இருக்கான்னு பாருங்க. பழைய பிளக்லேயே சொருகுனா ஒரு நாள் உருகி நிக்கும். ஈ.பி.யில லோடு எவ்வளவு பதிவாகி இருக்குன்னும் பார்த்துக்குங்க, பத்தலன்னா கூட்டி எழுதிக் கொடுக்கணும்.

பெரவள்ளூர்:
சொந்த மொட்டைமாடி இருக்கறவங்க சோலாரும் யோசிக்கலாம். 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நம்ம வெயிலுக்கு நாளைக்கு நாலு யூனிட் போலத் தரும். பேனல் நிழல்ல கூரையும் கொஞ்சம் குளிரும். வாடகைக்காரங்களுக்கு இது இல்ல, தெரியும்.

தண்டையார்பேட்டை மேல்மாடி:
எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் சுண்ணாம்பு அடிக்கிறோம். அடுத்து அம்மா ரூமுக்கு ஃபேன். ஏசி, கையில பணம் சேர்ந்ததும் ஒரு டன்.

கொருக்குப்பேட்டை ஷீட் வீடு:
ஐயா, கான்கிரீட் வீட்டுக்கு எல்லாம் சொன்னீங்க. எங்களுது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பகல்ல உள்ளயே இருக்க முடியல. அதுக்கு மேலயும் சுண்ணாம்பு அடிக்கலாமா?

ராயபுரம் பழைய வீடு:
அடிக்கலாம் தம்பி, உங்களுக்குத்தான் பலன் உடனே தெரியும். ஷீட்டுக்குக் கனம் இல்லை, வெயில் ஏறினதும் சூடு நேராக இறங்கிவிடும், அதேபோல வெள்ளை அடித்த அன்றைக்கே வித்தியாசம் புரியும். சுண்ணாம்பு சரிவில் வழிந்துபோகும், வெளிப்புற வெள்ளைப் பெயிண்ட் இரண்டு பூச்சு நிற்கும். பெயிண்ட் அடிக்கும் முன்பு ஷீட்டைக் கம்பி பிரஷ் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், துளையும் போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் ஊற்றி நனைத்து, துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், துடைத்த துணியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அதற்கு மேல், ஷீட்டிலிருந்து ஒரு அடி உயரத்தில் மூங்கில் கட்டி, நர்சரியில் போடுவார்களே, அந்தப் பச்சை நிழல் வலையை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் காற்று ஓட வேண்டும், ஷீட்டோடு ஒட்டினால் பலன் பாதிதான். கீற்று போடலாம், ஆனால் அடுத்தடுத்து வீடு இருக்கும் இடத்தில் தீபாவளி ராக்கெட் ஒன்று விழுந்தால் தெருவே போய்விடும், அதனால் நான் சொல்ல மாட்டேன். அடுப்புக்கு மேலே தெர்மாகோல் சீலிங் வேண்டவே வேண்டாம்.

ஏறும்போது நேராக ஷீட்டில் காலை வைக்காதீர்கள், பழைய ஷீட் ஆளைத் தாங்காது. இரண்டு நீளப் பலகையைக் கீழே உத்தரம் ஓடும் இடத்துக்குக் குறுக்காகப் போட்டு, அதன் மேல் ஒருவர் மட்டும் உட்கார்ந்து அடிக்கட்டும், இன்னொருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள்.